விளையாட்டுக் காசும் வணிகர் இலாபமும்

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் இயங்கும் சிசிபி என்ற கணினி விளையாட்டு நிறுவனம், 2007-ஆம் ஆண்டில் பொருளியல் அறிஞர் ஒருவரைப் பணியில் அமர்த்தியது. எயோல்ஃபூர் குட்மண்ட்சன் என்பது அவர் பெயர். நிறுவனத்தின் வரவு-செலவைப் பார்ப்பதற்காக அவர் அழைக்கப்படவில்லை. அந்நிறுவனம் நடத்தும் 'ஈவ் ஆன்லைன்' என்ற விளையாட்டுக்குள் எவ்வளவு பணம் புழங்குகிறது, விலைவாசி ஏறுகிறதா இறங்குகிறதா, எந்தப் பொருளின் உற்பத்தி குறைகிறது என்றெல்லாம் கணக்கிட்டு, மைய வங்கிகள் வெளியிடுவதைப் போன்ற காலாண்டு அறிக்கைகளை வெளியிடுவதே அவருடைய பணி. சில ஆண்டுகளுக்குப் பின் அவர் அதே நாட்டின் அக்குரேரி பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகச் சென்றார்.

பொழுதுபோக்குக்கான ஒரு விளையாட்டுக்குப் பொருளியல் அறிஞர் எதற்கு என்று வியப்போர் உண்டு. அந்த விளையாட்டில் ஒருவர் வணிகம் செய்து பணம் சேர்ப்பது எப்படி என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். விளையாட்டில் காசு பண்ணலாம் என்ற ஆசை இளைஞர்களிடையே பரவிவரும் காலம் இது. அந்தக் காசு எங்கிருந்து வருகிறது, யார் கையிலிருந்து வருகிறது என்று கேட்பது பயனுள்ளது. சீட்டாட்டத்தில் பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே பந்தயம் இல்லை, சந்தை இருக்கிறது.

ஈவ் ஆன்லைன் 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கப்பட்டது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் கொண்ட கற்பனை விண்வெளி அதன் களம். சீனாவுக்கெனத் தனியே நடத்தப்படும் பதிப்பைத் தவிர, உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் அனைவரும் ஒரே களத்தில் ஆடுகிறார்கள். அங்குப் பறக்கும் கலங்கள், அவற்றில் பொருத்தும் பீரங்கிகள், வெடிமருந்து ஆகிய அனைத்தையும் ஏறக்குறைய முழுமையாக ஆட்டக்காரர்களே உற்பத்தி செய்கிறார்கள். ஒருவர் விண்கற்களிலிருந்து தாதுவை வெட்டுகிறார். இன்னொருவர் அதிலிருந்து கலம் கட்டுகிறார். மூன்றாமவர் அதைச் சுமந்து சென்று விற்கிறார். நான்காமவர் வாங்கிப் போருக்குச் செல்கிறார். போரில் அழிந்த கலம் அழிந்ததுதான். அது திரும்பி வராது. வேறு பல விளையாட்டுகளில் தோற்றவருக்குப் பொருள் மீண்டும் கிடைத்துவிடுகிறது. இங்கே இழப்பு இழப்பாகவே நிற்கிறது. அதனால்தான் புதிய கலத்துக்கான தேவை ஒருநாளும் தீர்வதில்லை.

இந்த உலகின் நாணயத்துக்கு ஐ.எஸ்.கே. என்று பெயர். ஐஸ்லாந்தின் உண்மையான நாணயமான குரோனாவின் பன்னாட்டுக் குறியீடும் அதே மூன்று எழுத்துகள்தாம்.

இனி சந்தைக்கு வருவோம். ஜிட்டா என்ற மண்டலத்தின் நான்காம் கோளைச் சுற்றும் நான்காம் நிலவில் ஒரு விண்வெளி நிலையம் உண்டு. ஈவ் உலகின் மிகப் பெரிய சந்தை அதுவே. இங்கே சந்தை அமையட்டும் என்று நிறுவனம் திட்டமிடவில்லை. தொடக்க ஆண்டுகளில் யூலாய் என்ற மண்டலமே வணிக மையமாக இருந்தது. பல திசைகளிலிருந்தும் விரைவாக வந்து சேர உதவிய நெடுவழிகள் அங்கே கூடின. அந்த நெடுவழிகளை நிறுவனம் அகற்றியதும் யூலாய் வெறிச்சோடியது, ஜிட்டா வளர்ந்தது. விற்பவர் இருக்கும் இடத்துக்கு வாங்குபவர் வருகிறார், வாங்குபவர் கூடும் இடத்துக்கு மேலும் விற்பவர் வருகிறார். ஆறுகள் சேரும் இடத்திலும் சாலைகள் வெட்டும் இடத்திலும் ஊர்கள் எழுந்த கதைதான் இது. கணினித் திரையில் அது சில ஆண்டுகளில் நடந்து முடிந்தது.

ஜிட்டாவில் பணம் பண்ணும் முதல் வழி, இருந்த இடத்தை விட்டு நகராமல் செய்யும் வணிகம். பங்குச் சந்தையைப் போலவே அங்கும் வாங்கும் ஆணைகளும் விற்கும் ஆணைகளும் பட்டியலில் நிற்கின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு பீரங்கியை 8,00,000 ஐ.எஸ்.கே.வுக்கு வாங்கத் தயார் என்று ஒரு வணிகர் ஆணை இடுகிறார். அதே பீரங்கியை 10,00,000-க்கு விற்கத் தயார் என்று இன்னோர் ஆணையும் இடுகிறார். போர் முடிந்து கையில் கிடைத்ததை உடனே காசாக்க விரும்பும் வீரர் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். அடுத்த போருக்கு அவசரமாகப் புறப்படும் வீரர் கூடுதல் விலைக்கு வாங்கிச் செல்கிறார். தரகுக் கட்டணமும் விற்பனை வரியுமாக ஓர் 1,00,000 போனாலும், மிச்சம் 1,00,000 வணிகருக்கு. அவர் விற்றது பீரங்கியை மட்டுமன்று. இருவருடைய காத்திருப்பையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டதற்கான கூலியும் அந்த இலாபத்தில் அடங்கியிருக்கிறது.

இத்தகைய இலாபம் இருக்கும் இடத்தில் போட்டி வராமல் போகாது. நீண்ட காலம் அந்தப் போட்டி நகைப்புக்குரிய வடிவில் நடந்தது. ஒருவர் 10,00,000 என்று விலை சொன்னால், அடுத்தவர் அதிலிருந்து ஐ.எஸ்.கே.வின் நூறில் ஒரு பங்கைக் குறைத்துப் பட்டியலின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்வார். ஐந்து நிமிடத்தில் முதலாமவர் மீண்டும் அதே அளவு குறைப்பார். விலை குறைந்த பாடில்லை; வாங்குபவருக்குப் பயனும் இல்லை. திரையின் முன் ஓயாமல் உட்கார்ந்திருப்பவரே வென்றார். 2020-இல் நிறுவனம் விதியை மாற்றியது. விலையின் முதல் நான்கு இலக்கங்களில் மாற்றம் இருந்தால்தான் ஆணை ஏற்கப்படும் என்றும், ஆணையைத் திருத்தக் கட்டணம் உண்டு என்றும் ஆயிற்று. 10,00,000-இலிருந்து இறங்க விரும்புபவர் இப்போது குறைந்தது ஒரு நூறாவது விட்டுக்கொடுக்க வேண்டும். நிஜப் பங்குச் சந்தைகளில் விலைமாற்றத்தின் குறைந்தபட்ச அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்புகள் விவாதிப்பதும் இதே சிக்கலைப் பற்றித்தான்.

இரண்டாம் வழி பழமையானது. சரக்கை ஓரிடத்தில் வாங்கி வேறிடத்தில் விற்பது. ஜிட்டாவைத் தவிர அமார், டோடிக்ஸி, ரென்ஸ், ஹெக் ஆகிய இடங்களிலும் சந்தைகள் உண்டு. விளையாட்டுக்குள் ஒருவர் தான் நிற்கும் வட்டாரத்தின் விலைகளையே காண முடியும். அடுத்த வட்டாரத்தின் விலையை அறிய அங்கே போக வேண்டும். பிற்பாடு நிறுவனமே விலைத் தரவுகளை வெளியே தர, ஆட்டக்காரர்கள் எல்லா வட்டார விலைகளையும் ஒப்பிடும் இணையதளங்களை உருவாக்கிக்கொண்டார்கள். தகவல் பொதுவாகும்போது எளிய இலாபங்கள் அருகுவது இயல்பு. எஞ்சியது தூரமும் இடரும்.

அந்த இடர் மிகச் சுவையானது. பாதுகாப்பான மண்டலங்களில் காவல் படை உண்டு. சரக்குக் கலத்தைத் தாக்குபவரை அது தப்பாமல் அழித்துவிடும். ஆனால் சில நொடிகள் கழித்தே வந்து சேரும். உயடாமா போன்ற குறுகிய வழிகளில் காத்திருக்கும் கொள்ளையர், தம் கலங்கள் அழியும் என்று தெரிந்தே தாக்குகிறார்கள். உடைந்த கலத்திலுள்ள சரக்கில் ஏறத்தாழப் பாதி அழிந்துவிடும், பாதி மிஞ்சும். மிஞ்சும் பாதியின் மதிப்பு, தாம் இழக்கப்போகும் கலங்களின் விலையைவிட அதிகமா என்பதே அவர்கள் போடும் கணக்கு. வணிகரும் அதே கணக்கைத் திருப்பிப் போடுகிறார்: தாக்குவது கட்டுபடியாகாத அளவுக்கு மட்டுமே ஒரு முறையில் சரக்கு ஏற்றுகிறார். பேராசை கொண்டு எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றியவருக்கு முதலுக்கே மோசம் வருகிறது. குற்றமும் வரவு-செலவுக் கணக்குக்கு உட்பட்டது என்ற பொருளியல் கருத்தை வகுப்பறையில் விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

2020-இல் இன்னொன்றும் நடந்தது. விளையாட்டின் கதைப்போக்கில் வந்த ஒரு படையெடுப்பில், ஜிட்டாவுக்கும் அமாருக்கும் நடுவிலிருந்த நியார்ஜா என்ற மண்டலம் பகைவர் வசமானது. அதுவரை ஒன்பது தாவல்களில் கடக்க முடிந்த பாதுகாப்பான வழி, நாற்பதுக்கும் மேற்பட்ட தாவல்கள் கொண்ட சுற்றுவழியாயிற்று. குறுக்குவழியும் உண்டு, ஆனால் அது காவல் தளர்ந்த பகுதி வழியே செல்வது. இரு பெருஞ்சந்தைகளுக்கும் நடுவே மதகு இறங்கியது போலாயிற்று. வழி அடைபட்டால் ஒருபுறம் பொருள் தேங்கும், மறுபுறம் விலை ஏறும். அந்த வேறுபாட்டைக் கடக்கத் துணிபவருக்கே இலாபம். சூயஸ் கால்வாய் அடைபட்ட நாள்களில் கப்பல் வணிகம் கண்டதும் இதுவே.

வணிகர் எதையும் உற்பத்தி செய்வதில்லையே, அவருக்கு எதற்கு இலாபம் என்ற வினா மிகப் பழையது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் கைதியாக இருந்த ராட்ஃபோர்டு என்ற பொருளியலாளர், விடுதலையானபின் 1945-இல் 'எக்கனாமிக்கா' இதழில் தம் முகாமின் பொருளாதாரத்தை விவரித்தார். அங்கே சிகரெட்டே நாணயம். ஒரு பாதிரியார் ஒரு பாலாடைக்கட்டி டப்பாவும் ஐந்து சிகரெட்டுகளும் கொண்டு முகாமைச் சுற்றி வந்து, அவற்றையும் இழக்காமல் கூடவே ஒரு முழு உணவுப் பொட்டலத்தோடு திரும்பினார் என்று முகாமில் பேசிக்கொண்டதை அவர் குறிப்பிடுகிறார். இடைத்தரகர் மீது கைதிகளுக்கு இருந்த வெறுப்பையும் அவர் பதிவு செய்தார். எல்லோருக்கும் ஒரே அளவு பொட்டலம் கிடைத்த முகாமில்கூட, புகைக்காதவர் கையில் சிகரெட்டும் புகைப்பவர் கையில் சாக்லேட்டும் இருந்தவரை பரிமாற்றத்தால் இருவருக்கும் நன்மை இருந்தது. ஜிட்டா வணிகரின் இலாபமும் அந்த வகையைச் சேர்ந்ததே.

ஆனால் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. வணிகர் பணத்தை உண்டாக்குவதில்லை. ஈவ் உலகில் புதுப் பணம் பிறப்பது முக்கியமாகக் கணினியே இயக்கும் கொள்ளையரை வீழ்த்துவோருக்கு விளையாட்டு வழங்கும் பரிசுத் தொகையிலிருந்து. பணம் மறைவது வரியிலும், தரகுக் கட்டணத்திலும், விளையாட்டிடமே நேரடியாக வாங்கும் வரைபடங்கள், பயிற்சி நூல்கள் போன்றவற்றிலும். இவ்விரண்டுக்கும் நடுவே வணிகர் செய்வதெல்லாம் பிறர் கையிலிருக்கும் பணத்தைத் தம் கைக்கு மாற்றுவது. அப்படி மாறும் ஒவ்வொரு முறையும் வரியும் தரகும் போவதால், உலகின் மொத்தப் பணம் சற்றே குறைகிறது. ஆயிரம் பேர் வணிகம் மட்டுமே செய்து ஆயிரம் பேரும் செல்வராக முடியாது என்பது இதிலிருந்து தானே விளங்கும்.

போரின் விளைவு இதற்கு நேர்மாறானது. 2014 ஜனவரி 27, 28 நாள்களில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் நடந்த பெரும்போரில் 75 டைட்டன் கலங்கள் அழிந்தன. ஒரு கூட்டணி தன் ஆட்சிக் கட்டணத்தை உரிய நேரத்தில் செலுத்தத் தவறியதால் மூண்ட போர் அது. இழப்பின் மதிப்பு 3,00,000 டாலருக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. அழிந்தவை கலங்கள், பணம் அன்று. பணம் அப்படியே இருக்க, பொருள் குறைகிறது. தாது வெட்டுபவர் முதல் சரக்கு ஏற்றுபவர் வரை அனைவருக்கும் வேலை வருகிறது. பிறப்பையும் மறைவையும் அழிவையும் சமன் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே குட்மண்ட்சன் தேவைப்பட்டார்.

சரி, இந்தப் பணம் நிஜ உலகில் எவ்வளவு பெறும்? ஈவ் விளையாட்டை முழுமையாக ஆட மாதச் சந்தா கட்ட வேண்டும். 2008-இல் நிறுவனம் 'பிளெக்ஸ்' என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. நிஜப் பணம் கொடுத்து அதை நிறுவனத்திடம் வாங்கலாம், விளையாட்டுக்குள் ஐ.எஸ்.கே.வுக்கு விற்கலாம், வாங்கியவர் அதைச் சந்தாவாகப் பயன்படுத்தலாம். நேரம் இல்லாத, காசு உள்ள ஆட்டக்காரர் விளையாட்டுப் பணம் பெறுகிறார். நேரம் உள்ள ஆட்டக்காரர் சந்தா இல்லாமல் ஆடுகிறார். சந்தா யாரோ கட்டியதுதான். இலவசம் என்று எதுவும் இல்லை. இதுவும் சரக்காகவே சந்தையில் நடமாடியது. 2010-இல் 74 பிளெக்ஸுகளை ஒரு சிறு கலத்தில் ஏற்றிக்கொண்டு ஜிட்டாவுக்குள் வந்த ஒருவரை வேறு ஆட்டக்காரர்கள் சுட்டு வீழ்த்தினர். ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சந்தாக்கள் சில நொடிகளில் அழிந்தன.

பிளெக்ஸ் வழியே ஒரு வணிகரின் மணிநேரக் கூலியைக் கணக்கிடலாம். 2022 முதல் மாதச் சந்தா 19.99 டாலர். ஒரு மாதச் சந்தாவுக்குரிய பிளெக்ஸை வாங்கத் தேவையான ஐ.எஸ்.கே.வைச் சேர்க்க ஒருவர் முப்பது மணி நேரம் செலவிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், அவருடைய கூலி மணிக்கு 67 செண்டு. முதல் பெருகிய, கைதேர்ந்த வணிகர் அதை இரண்டே மணி நேரத்தில் சேர்த்துவிடலாம்; அப்போது மணிக்குப் பத்து டாலர். நல்ல கூலியாகத் தோன்றும். ஆனால் தம் சந்தாவுக்கு வேண்டியதைச் சேர்த்தபின் மூன்றாம் மணி நேரத்தில் சேர்ப்பதைக் கொண்டு அவர் அரிசி வாங்க முடியாது. ஐ.எஸ்.கே.வை நிஜப் பணமாக மாற்றுவதை நிறுவனத்தின் விதிகள் தடை செய்கின்றன. காசு உள்ளே போகும் கதவு உண்டு. வெளியே வரும் கதவு இல்லை.

எல்லா விளையாட்டுகளிலும் இப்படி இருந்ததில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் எட்வர்ட் காஸ்ட்ரனோவா 2001-இல் 'எவர்குவெஸ்ட்' என்ற விளையாட்டின் நோரத் உலகை ஆராய்ந்தபோது, அதன் பொருள்களும் நாணயமும் இணைய ஏல விற்பனையில் டாலருக்குக் கைமாறிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு மணி நேர ஆட்டம் ஏறத்தாழ 3.42 டாலர் பெறும் என்றும், தலைக்குரிய உற்பத்தியில் அந்த உலகம் ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவே நிற்கிறது என்றும் அவர் கணக்கிட்டார். பின்னர் சீனாவில் கூலிக்கு ஆளமர்த்தி விளையாட்டுப் பணம் சேர்த்து விற்கும் பட்டறைகளே தோன்றின.

தடை இருந்தும் கள்ளச் சந்தை இருந்தது. அதன் மிகத் துயரமான எடுத்துக்காட்டு 2009-இல் ஈவ் உலகில் நிகழ்ந்தது. ஆட்டக்காரர்களே நடத்திய 'ஈபேங்க்' என்ற வங்கியில் ஆயிரக்கணக்கானோர் சேமிப்பு வைத்திருந்தனர். அதன் தலைமைப் பொறுப்பிலிருந்த ஆஸ்திரேலியர் ஒருவர் ஏறத்தாழ 20,000 கோடி ஐ.எஸ்.கே.வை எடுத்து, கள்ளச் சந்தையில் 6,300 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றார். வீட்டுக்கான முன்பணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அது பயன்பட்டதாக அவர் கூறினார். செய்தி பரவியதும் வைப்பாளர்கள் வங்கியை முற்றுகையிட்டார்கள். நிறுவனம் அவரை விளையாட்டிலிருந்து விலக்கியது. ஆனால் வைப்பாளர்களை ஏமாற்றியதற்காக விலக்கவில்லை. விளையாட்டுக்குள் ஏமாற்றுவது அங்கே விதிமீறல் அன்று. நிஜப் பணத்துக்கு விற்றதே குற்றம். சேமிப்பை இழந்தவர்களுக்கு முறையிட இடமில்லை. அவர்கள் கணக்கிலிருந்த ஒவ்வொரு காசும் சட்டப்படி நிறுவனத்தின் உடைமை.

இங்கே ஒரு வேடிக்கை. 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் வீழ்ந்தன. குரோனா நாட்டைவிட்டு வெளியேறக் கட்டுப்பாடு வந்து 2017 வரை நீடித்தது. எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக, ஒரே பெயர் கொண்ட இரண்டு நாணயங்களும் வெளியே போக முடியாமல் அடைபட்டுக் கிடந்தன.

வெளியே வரும் கதவை அகலத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. வியட்நாமைச் சேர்ந்த ஸ்கை மேவிஸ் நிறுவனத்தின் 'ஆக்ஸி இன்ஃபினிட்டி' விளையாட்டில் சேர, ஆக்ஸி எனப்படும் மூன்று உயிரிகளை அப்போது விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. ஆடிச் சேர்க்கும் எஸ்.எல்.பி. என்ற நாணயத்தைத் தடையின்றிக் காசாக்கலாம். பெருந்தொற்றால் வேலை இழந்த பிலிப்பீன்ஸ் மக்கள் பலர் 2021-இல் இதையே பிழைப்பாகக் கொண்டனர். மூன்று உயிரிகளின் விலை பல நூறு டாலராக ஏறியபோது, வாங்க வசதியில்லாதவருக்குப் பிறர் தம் உயிரிகளை வாரத்துக்குக் கொடுத்து வருவாயில் பங்கு வாங்கினர். குத்தகை நிலத்தில் உழுவது போலத்தான். அந்த நாணயத்துக்கு இருந்த முக்கியமான பயன், புதிய உயிரிகளை ஈனச் செய்வது. புதிய உயிரி புதிதாகச் சேர்பவருக்கு வேண்டும். ஈவ் உலகில் போல அழிந்துபோவதற்காகப் பொருள் வாங்குபவர் அங்கே இல்லை. ஆடியவர்களில் மிகப் பலர் விற்கவே வந்தவர்கள். ஆக, முன்னே வந்தவர் வருவாயைப் பின்னே வந்தவர் தந்துகொண்டிருந்தார்.

2021 ஜூலையில் ஓர் எஸ்.எல்.பி. 30 அமெரிக்க செண்டுக்கு மேல் விற்றது. புதியவர் வரவு தளர்ந்ததும் விலை சரிந்தது. 2022 பிப்ரவரியில் நிறுவனம் நாள்தோறும் வழங்கும் நாணயத்தின் அளவை வெட்டியது. விலை சிறிது காலம் ஏறிவிட்டு மறுபடியும் இறங்கியது. அந்த ஆண்டின் நடுவில் அது ஒரு செண்டுக்கும் கீழே இருந்தது. சேரும்போது பல நூறு டாலர் கொடுத்து வாங்கிய உயிரிகள், சில டாலருக்கு விலை கூறப்பட்டுக்கொண்டிருந்தன.